பலத்துக்குத் திரும்பாத சாவி

2009, தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும். பிறையிலிருந்து பினாங்குத் தீவுக்குத் துணி எடுக்கப் புறப்பட்டோம். பாலத்தில் நெரிசல் இருக்கும் என்று அப்பா பட்டர்வொர்த்தில் ஃபெரி ஏறினார். எங்கள் புரோட்டோன் வீரா கார் முதல் வரிசையில், ஓரத்தில் நின்றது. கடல் காற்று வாங்க நாங்கள் இறங்கிப்போய்த் திரும்பி வருவதற்குள் தீவுக் கரை நெருங்கிவிட்டது. படகு கரையில் முட்டி நின்றது, சாய்தளம் இறங்கியது, ஆள் கையசைத்தார். அப்பா சாவியைத் திருப்பினார். திரும்பவில்லை.

இன்னொரு தடவை. ம்ஹும். பின்னால் ஹாரன் ஆரம்பித்துவிட்டது. மோட்டார் சைக்கிள்கள் எல்லாம் இறங்கிப் போயின. எங்களுக்குப் பின்னால் இருந்த கார் வரிசை அப்படியே நின்றது. அப்பா பலம் கொண்ட மட்டும் முறுக்கினார். அவர் கட்டைவிரல் நகம் வெளுத்துப் போவதையும், சாவியின் கழுத்து லேசாக வளைவதையும் நான் பக்கத்து இருக்கையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா எதற்கும் பதறாதவர். அன்று அவர் நெற்றியில் வேர்த்திருந்தது.

பின்னால் நின்ற லோரியிலிருந்து ஒருவர் இறங்கி வந்தார். ஜன்னல் பக்கம் குனிந்து, "அண்ணே, கைய எடுங்க. முறுக்காதீங்க, உடைஞ்சிடும்" என்றார். ஜன்னல் வழியே கையை விட்டு ஸ்டீயரிங்கைப் பிடித்து இந்தப் பக்கம் ஓர் இழுப்பு, அந்தப் பக்கம் ஓர் இழுப்பு. ஒரு பக்கம் கல் மாதிரி நின்றது, மறுபக்கம் துளி நகர்ந்தது. நகர்ந்த பக்கமாகவே அழுத்திப் பிடித்துக்கொண்டு, "இப்போ மெதுவா" என்றார். அப்பா இரண்டு விரலால் திருப்பினார். 'டக்' என்று ஒரு சத்தம். வண்டி கிளம்பிவிட்டது. அவர் நன்றிக்குக்கூடக் காத்திருக்காமல் லோரிக்கு ஓடிவிட்டார்.

அன்று முழுக்க அப்பா லெபோ பாசாரில் துணியைப் பார்க்கவே இல்லை. "ஸ்டீயரிங்க ஆட்டுனா சாவி ஏன்மா திரும்புது?" என்று என்னைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். அப்போது எனக்குத் தெரியாது. பிறகு தேடித் தெரிந்துகொண்டேன். அதைத்தான் முதலில் எழுத நினைக்கிறேன், ஏனென்றால் 'சாவி திரும்பவில்லை' என்று நடுரோட்டில் தவிப்பவர்களில் பலருக்கு நடப்பது இதுதான்.

சாவியை வெளியே எடுத்ததும் ஸ்டீயரிங் தண்டின் அருகே ஒரு சின்ன இரும்புத் தாழ் விடுபடுகிறது. அதற்குப் பின்னால் ஸ்பிரிங். தண்டில் பள்ளங்கள் இருக்கும். ஸ்டீயரிங் கொஞ்சம் அசைந்து பள்ளம் நேருக்கு வந்ததும் தாழ் அதில் விழுந்து பூட்டிக்கொள்ளும். திருடன் உள்ளே புகுந்தாலும் வண்டியை வளைத்து ஓட்ட முடியாது. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் 1969 மாடல்களில் சாவித் துளையை டேஷ்போர்டிலிருந்து ஸ்டீயரிங் தண்டுக்கு நகர்த்தியதே இந்தப் பூட்டுக்காகத்தான். பிரச்சினை எங்கே வருகிறது என்றால், சக்கரம் வளைந்த நிலையில் நிறுத்தும்போது. முறுக்கப்பட்ட டயர் தண்டைத் திருப்பித் தள்ளிக்கொண்டே இருக்கும். அந்தத் தள்ளலில் தாழ் பள்ளத்தின் சுவரோடு நசுங்கி மாட்டிக்கொள்ளும். இப்போது சாவியைத் திருப்புவது என்றால், நசுங்கிக் கிடக்கும் இரும்பை விரல் நுனியால் உருவுவது. நடக்கிற காரியமா? ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் துளி நகர்த்தினால் தாழ் தளர்ந்துவிடும், பிறகு சாவிக்கு வேலையே இல்லை. ஃபெரியில் அப்பா இடுக்கில் வண்டியைச் செருக சக்கரத்தை ஒடித்து நிறுத்தியிருந்தார், இறங்கி ஏறும்போது ஸ்டீயரிங்கைப் பிடித்துத்தான் எழுந்து உட்கார்ந்தார். அவ்வளவு போதும்.

மேட்டிலும் நடைபாதை விளிம்பிலும் சக்கரம் முட்டி நிற்கும்போது இது அடிக்கடி வரும். ஆயர் ஈத்தாம் பக்கம் சாய்வான சாலைகளில் நிறுத்துபவர்கள் சாவியை எடுக்கும் முன் சக்கரத்தை நேராக்கிவிட்டு, கைப்பிரேக்கை முழுதாக இழுத்துவிட்டால் பாதித் தொல்லை குறையும். மேடு ரொம்ப அதிகம் என்றால் மட்டும் சக்கரத்தை ஒடித்து நிறுத்துங்கள்: இறக்கத்தைப் பார்த்து நின்றால் விளிம்பு நோக்கி, ஏற்றத்தைப் பார்த்து நின்றால் விளிம்பிலிருந்து விலகி. அது பாதுகாப்புக்கு, அதை விட வேண்டாம். திரும்ப எடுக்கும்போது ஸ்டீயரிங்கை ஆட்டத் தெரிந்தால் சரி.

அப்புறம் பல வருடம் நாங்கள் இந்த ஒரு வித்தையை வைத்தே காலம் ஓட்டினோம். அதுதான் தப்பாகப் போனது.

2018-ல் வீரா என் கைக்கு வந்தது. நான் அப்போது ஜெலுத்தோங்கில் குடியிருந்தேன். காலையில் சாவி இறுகும். ஸ்டீயரிங்கை ஆட்டுவேன், பயன் இருக்காது. சாவியை உள்ளே தள்ளி, மயிரிழை வெளியே இழுத்து, லேசாக மேல்நோக்கித் தூக்கினால் திரும்பும். கொஞ்ச நாளில் கைக்கு அது பழகிவிட்டது. வேறு யாராவது ஓட்டக் கேட்டால், 'கொஞ்சம் இழுத்துத் திருப்புங்க' என்று சொல்லிக் கொடுப்பேன். பழைய காடி, அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். அது சாவி தேய்ந்துவிட்டது என்பதற்கு எவ்வளவு தெளிவான அடையாளம் என்று அப்போது எனக்குச் சொல்ல ஆள் இல்லை. சாவி ஒரே நாளில் வேலை நிறுத்துவதில்லை. பல மாதம் முன்னாலேயே சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. கேட்டுக்கொள்வதற்குப் பதில் நாம் கையைப் பழக்கிக்கொள்கிறோம்.

வீட்டில் இருந்த எண்ணெய் ஸ்ப்ரேயைத் துளைக்குள் அடித்தேன். இரண்டு வாரம் வழுவழுப்பாக இருந்தது. அதன் பிறகு முன்னைவிட மோசம். அடுத்து யாரோ சொன்னார்கள் என்று கிராஃபைட் தூள் வாங்கி அதன் மேலேயே தூவினேன். எண்ணெயும் தூளும் சேர்ந்தால் பசை. உள்ளே நான் கரிப்பசை பூசிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் சாவி உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை, பாதியில் நின்றது. பத்து நிமிடம் ஆட்டி ஆட்டி வெளியே எடுத்தேன். எப்படியோ வண்டியைக் கிளப்பி, ஜார்ஜ்டவுனில் ஐந்தடி நடைபாதை ஓரத்தில் சாவி வெட்டும் பாய் ஒருவரிடம் போனேன். ஒரு மேசை, ஒரு வெட்டும் இயந்திரம், பின்னால் பலகை நிறைய வெற்றுச் சாவிகள். அறுபதைத் தாண்டிய வயது இருக்கும். "புதுசா ஒண்ணு வெட்டிக் குடுங்க பாய்" என்றேன். அவர் சாவியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, விளிம்பில் நகத்தை ஓட்டிப் பார்த்தார்.

"இது எத்தனாவது சாவிம்மா?"

"புரியல பாய்."

"காடியோட வந்த சாவியா, அதப் பார்த்து வெட்டுனதா, வெட்டுனதப் பார்த்து வெட்டுனதா?"

எனக்குத் தெரியவில்லை. அப்பா ஒரு முறை தொலைத்துவிட்டு ஒரு பேரங்காடியில் வெட்டினார், அதற்குப் பிறகு அண்ணனுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. பாய் தலையாட்டினார். "தேஞ்ச சாவியப் பார்த்து வெட்டுனா அது புதுச்சாவி இல்லம்மா. புதுசா மின்னுற தேஞ்ச சாவி. என்கிட்ட இத வெட்டச் சொல்லாத. காசு வீண்."

வந்த வாடிக்கையாளரை இப்படித் திருப்பி அனுப்பும் ஆளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். பழைய கார்ப் பூட்டு ஒன்றைப் பிரித்துக் காட்டினார். அந்த அரை மணி நேரத்துக்காகத்தான் இந்தப் பதிவு.

சாவி போகும் உருளையை சிலிண்டர் என்கிறோம். அதற்குள் குறுக்கே மெல்லிய பித்தளைத் தகடுகள் வரிசையாக நிற்கும். எண்ணிக்கை காருக்குக் கார் மாறும். ஒவ்வொரு தகட்டுக்கும் தலைமுடி போன்ற ஒரு ஸ்பிரிங். சாவி உள்ளே இல்லாதபோது ஸ்பிரிங் தகடுகளை வெளியே தள்ளும். அவை வெளி உறையின் பள்ளத்தில் நீட்டிக்கொண்டு நிற்பதால் உருளை சுழலாது. சரியான சாவி நுழைந்தால், அதன் மேடு பள்ளங்கள் ஒவ்வொரு தகட்டையும் அதற்குரிய உயரத்துக்குக் கொண்டுவந்து, எல்லாம் உருளையோடு ஒரே மட்டமாகிவிடும். ஒரு தகடு மட்டும் துளி நீட்டிக்கொண்டிருந்தாலும் மற்ற அத்தனையும் சரியாக இருந்து பயனில்லை. ஒரு பள்ளத்துக்கும் அடுத்த அளவுப் பள்ளத்துக்கும் அரை மில்லிமீட்டர் அளவே வித்தியாசம் உள்ள பூட்டுகள் உண்டு. அப்படியென்றால் எவ்வளவு தேய்ந்தால் சாவி கெடும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஒரு நாளைக்கு நான்கு முறை வண்டியைக் கிளப்பினால் இருபது ஆண்டில் 29,200 முறை. ஒவ்வொரு முறையும் சாவி எல்லாத் தகடுகளையும் உரசிக்கொண்டு உள்ளே போய், உரசிக்கொண்டு வெளியே வருகிறது. சாவியும் தேய்கிறது, தகடும் தேய்கிறது. பித்தளைச் சாவி எஃகு போல் கடினமானது இல்லை, அதனால் அதன் முனைகள் மழுங்கிப்போகும். நகல் எடுக்கும் இயந்திரமோ சாவியை அறியாது, தடவித்தான் பார்க்கும். ஒரு பக்கம் ஊசி உங்கள் சாவியின் விளிம்பில் ஓடும், மறுபக்கம் அதே கோட்டில் சக்கரம் வெட்டும். தேய்மானத்தையும் அப்படியே படியெடுக்கும், தன் சிறு பிழையையும் அதோடு சேர்க்கும். அந்த நகலை நகல் எடுத்தால் இன்னும் கொஞ்சம் விலகும். என் சாவி மூன்றாம் தலைமுறை என்று பாய் கணக்குப் போட்டார்.

"வீட்ல போய் முதல் சாவியத் தேடு. கிடைக்கலேன்னா அதோட வந்த நம்பர் தகட்டத் தேடு" என்றார். புதுக் கார் வாங்கும்போது சாவியோடு சின்ன உலோகத் தகட்டில் ஓர் எண் வரும். அதை நாம் யாரும் மதிப்பதில்லை. அந்த எண்தான் சாவியின் பிறப்புச் சான்று. அதை வைத்து, எந்தச் சாவியையும் தடவாமல், தொழிற்சாலை அளவுக்கே புதிதாக வெட்டலாம்.

கிளம்பும்போது என் சாவிக்கொத்தை உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தார். வீட்டுச் சாவி, கிரில் சாவி, அலுவலக அலமாரி, அம்மா வீட்டுச் சாவி, பித்தளை வேல் ஒன்று, பாட்டில் திறப்பான் ஒன்று. "இவ்வளவு கனம் தொங்குனா பூட்டு என்னம்மா செய்யும்?" ஓடும் வண்டியில் அந்தக் கொத்து ஆடிக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு குழிக்கும் சாவி உள்ளே தகடுகளை இழுக்கிறது.

இதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. 2014-ல் ஜெனரல் மோட்டார்ஸ் உலகம் முழுக்கச் சுமார் 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது நினைவிருக்கும். அங்கே குற்றம் சாவித் துளைக்குப் பின்னால் இருக்கும் மின் சுவிட்சில். சாவியை 'ஆன்' நிலையில் பிடித்து நிறுத்த வேண்டிய உள் ஸ்பிரிங் பலவீனமாக இருந்தது. கனமான கொத்தின் இழுப்பிலோ, குழியில் விழுந்த அதிர்ச்சியிலோ, முழங்கால் பட்டோ சாவி தானாக ஒரு படி பின்னால் போனது. ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்ஜின் நின்றது, ஸ்டீயரிங் இறுகியது, மோதும் நேரத்தில் காற்றுப்பை விரியவில்லை. இழப்பீட்டு நிதி ஒத்துக்கொண்ட மரணங்கள் மட்டும் 124. வடிவமைப்புக் குறைதான் காரணம், மறுக்கவில்லை. ஆனால் அந்த எண்ணைப் படித்த நாளிலிருந்து என் கார்ச் சாவி தனியாகத்தான் இருக்கிறது. மற்றவை இன்னொரு வளையத்தில்.

அந்த வாரம் பிறைக்குப் போனேன். அம்மாவிடம் கேட்டால் அவர் யோசிக்கவே இல்லை. சாமி அறை அலமாரி, மேல் தட்டு, பழைய பிஸ்கட் டின். உள்ளே எங்கள் ஜாதகங்கள், தாத்தாவின் சிவப்பு அடையாள அட்டை, செல்லாத கடப்பிதழ், அடியில் பிளாஸ்டிக் உறையில் ஒரு சாவி. கறுப்புத் தலை, கூரான முனைகள், பக்கத்தில் எண் பொறித்த தகடு. கார் வாங்கிய நாளில் பூசை போட்டு எடுத்து வைத்தது. இருபது வருடம் அது எங்கும் போகவில்லை.

கீழே இறங்கி வந்து வண்டியில் போட்டுப் பார்த்தேன். இழுக்கவில்லை, தூக்கவில்லை. ஒரு விரலுக்குத் திரும்பியது. வாசலில் நின்ற அம்மா, "சரியாயிடுச்சா?" என்று கேட்டார். எனக்குக் கொஞ்ச நேரம் பேச வரவில்லை.

இதுதான் முதல் சோதனை என்று இப்போது யார் கேட்டாலும் சொல்கிறேன்: உபரிச் சாவியை எடுத்துப் போட்டுப் பாருங்கள். அது நன்றாகத் திரும்பினால் குற்றம் கையில் உள்ள சாவி மேல், சிலிண்டர் மேல் இல்லை. சிலிண்டரை மாற்றச் சொன்னால் அவசரப்பட்டுத் தலையாட்ட வேண்டாம். இரண்டு சாவியும் இறுகினால்தான் சந்தேகம் பூட்டின் பக்கம் போக வேண்டும். கதவுப் பூட்டிலும் அதே சாவியைப் போட்டுப் பார்க்கலாம். அங்கேயும் தகராறு செய்தால் சாவி மேல் சந்தேகம் இன்னும் கூடும்.

என் பூட்டில் நான் போட்ட பசை மிச்சம் இருந்தது. அதைப் பாய் சுத்தம் செய்தார். முதலில் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றச் சொன்னார், கதவுகளைத் திறந்து வைத்தார், ஏனென்றால் மின் முனைகளைச் சுத்தம் செய்யும் அந்த ஸ்ப்ரேக்களில் பல தீப்பிடிக்கும். உள்ளே ஒரு பீய்ச்சு, சாவியைப் பலமுறை உள்ளே வெளியே, துணியில் துடைப்பு. துணியில் வந்த கறுப்பைப் பார்த்தேன். நான்கைந்து தடவை இப்படியே, துணி வெளுக்கும் வரை. நன்றாகக் காய்ந்த பிறகு கிராஃபைட், அதுவும் ஒரு சிட்டிகைகூட இல்லை. கிராஃபைட் மின்சாரம் கடத்தும், பின்னாலேயே மின் சுவிட்ச் இருக்கிறது, அள்ளிக் கொட்டக் கூடாது. "வீட்ல தூள் இல்லேன்னா 2பி பென்சில சாவி மேல தேயி, போதும்" என்றார். பென்சில் முனையில் இருப்பதும் கிராஃபைட்தான். பூட்டுக்கு உலர்ந்த மசகுதான் ஏற்றது. சமையல் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய், கிரீஸ் எதுவும் வேண்டாம். நம் ஊர்த் தூசி அத்தனையையும் அவை பிடித்து வைத்துக்கொள்ளும்.

தகடுகளே தேய்ந்திருந்தால் சுத்தம் செய்து பயனில்லை. அப்போது பூட்டுக்காரர் சிலிண்டரைக் கழற்றி, தேய்ந்த தகடுகளை மாற்றி, பழைய சாவிக்கே பொருந்தும்படி அமைத்துத் தர முடியும். புது சிலிண்டர் போட்டால் கதவுக்கு ஒரு சாவி, இக்னிஷனுக்கு ஒரு சாவி என்று ஆகிவிடலாம். சாவித் தலையில் சிப் உள்ள கார் என்றால் அந்தச் சிப்பையும் வண்டிக்கு அறிமுகப்படுத்த வேண்டும். எங்கள் வீராவுக்கு அந்தத் தொல்லை இல்லை. இங்கே ஒன்று: சிப் கெட்டால் சாவி திரும்பும், வண்டிதான் கிளம்பாது. பேட்டரி செத்தாலும் சாதாரண சாவிப் பூட்டு அப்படியே திரும்பும். திரும்பவே மறுக்கிறது என்றால் அது இரும்பும் பித்தளையும் சம்பந்தப்பட்ட சங்கதி, மின்சாரத்தைத் தேடிப் போகாதீர்கள்.

ஆட்டோ கியர் வண்டியில் சாவி வெளியே வரவில்லை என்றால் கியர் முழுதாக 'பி'-யில் விழுந்ததா என்று பாருங்கள். பிரேக்கை மிதித்து ஒரு முறை வெளியே எடுத்து மறுபடி 'பி'-க்குத் தள்ளினால் பெரும்பாலும் விட்டுவிடும். சில வண்டிகளில் பேட்டரி இறந்தாலும் சாவியை விடாது.

வண்டி கிளம்பிய பிறகும் சாவி 'ஸ்டார்ட்' நிலையிலேயே ஒட்டிக்கொண்டு பின்னால் வராவிட்டால் அது அவசரம். ஸ்டார்ட்டர் மோட்டார் சுற்றிக்கொண்டே சூடாகும். கையால் திருப்பி வைத்தும் வராவிட்டால் இன்ஜினை நிறுத்தி பேட்டரி முனையைக் கழற்றுங்கள். அதோடு ஓட்டாதீர்கள்.

உடைந்த சாவிக்கு ஒரே ஒரு வேண்டுகோள்: பசை தடவி ஒட்டி இழுக்கப் பார்க்காதீர்கள். பசை தகடுகளில் இறங்கினால் பூட்டே போய்விடும். துண்டு வெளியே தெரிந்தால் மெல்லிய இடுக்கி, தெரியாவிட்டால் பூட்டுக்காரர். இடுக்கியால் சாவித் தலையைப் பிடித்து முறுக்குவதும் வேண்டாம். ஃபெரியில் வளைந்த அந்தச் சாவிக் கழுத்து எனக்கு மறக்கவில்லை.

அண்ணன் மகள் இப்போது பொத்தானை அழுத்திக் கிளப்பும் மைவி ஓட்டுகிறாள். பொத்தான் கார்கள் பலவற்றிலும் ஸ்டீயரிங் பூட்டு இருக்கத்தான் செய்கிறது. பொத்தானை அழுத்தும்போதே ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் ஆட்டிப் பார் என்று அவளுக்கும் சொல்லி வைத்திருக்கிறேன்.

எண் தகட்டை வைத்துப் பாய் புதிதாக இரண்டு சாவி வெட்டிக் கொடுத்தார். முதல் சாவி மறுபடி பிஸ்கட் டின்னுக்குப் போய்விட்டது, அடுத்த நகல் அதிலிருந்து மட்டும்தான். 2021 ஜனவரி முதல் ஃபெரியில் கார் ஏற்றுவதில்லை, நாங்களும் பாலத்தில்தான் போய் வருகிறோம்.

போன மாதம் ஞாயிற்றுக்கிழமை பசியாறப் போகலாம் என்று கிளம்பியபோது அப்பா தானே ஓட்டுவதாகச் சொன்னார். சாவியை நீட்டினேன். உட்கார்ந்தார், இருக்கையைச் சரிசெய்தார், துளையில் சாவியை விட்டார். இடது கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்து இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று.

"வேணாம்ப்பா, இப்போ நல்லாத் திரும்புது" என்றேன்.

"தெரியும்மா" என்று சொல்லிவிட்டு, இரண்டே விரலால் திருப்பினார்.